தகரக் கூரைத் தண்ணீர்

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய காய்ப் பெட்டி வந்து சேர்ந்தது. வேன்காரர் வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டு ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போனார். அப்போதுதான் கண் அசந்த குழந்தை எழுந்துவிட்டாள். எழுந்ததும் நேரே பெட்டிதான். நான் கொத்தமல்லிக் கட்டை அவிழ்ப்பதற்குள் ஒரு கொத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நீங்கள் முயல் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. மூன்று வயதில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் காய் என்றாலே வாயை இறுக்கிக்கொள்கின்றன. இவள் வெள்ளரிக்காயைத் தோலோடு கடிக்கிறாள். இவளுக்குச் சோற்றுச் செலவே கிடையாது, புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் போதும் என்கிறார் அவள் அப்பா.

போன வருஷம் அண்ணன் இறந்த செய்தியை ஊருக்கெல்லாம் சொன்ன அந்த ஃபோனை நீங்கள் அணைத்து அலமாரியில் போட்டது போட்டதுதான். இனி வற்புறுத்த மாட்டேன். காலிப் பெட்டிக்குள் கடிதம் வைத்துவிடுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் உங்கள் பெட்டி போகிறதாமே, வேன்காரர் சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

ஒரு விஷயம், சிரிக்கக் கூடாது. புதினாக் கட்டுக்குள் ஒரு இறகு இருந்தது. சாம்பல் நிறம், அடியில் மட்டும் வெள்ளை. அண்ணன் வளர்த்த புறாக்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றனவா? நான் எல்லாவற்றையும் மூன்று தண்ணீர் விட்டு அலசித்தான் கொடுக்கிறேன். ஆனால் அவள் என் கையை முந்திவிடுகிறாள். அண்ணன் இருந்திருந்தால், "என்ன பயில்வான், இறகுக்கே நடுங்குறியா" என்று கேட்டிருப்பார். ஊதினால் விழுந்துவிடுவேன் என்பதற்காக எனக்கு வைத்த பேர் அது.

கிணறு எப்படி இருக்கிறது?

உங்கள் நாத்தனார்.


ஜூன் 9

பயில்வானுக்கு,

கூப்பிட அவர் இல்லைங்கிறதுக்காக அந்தப் பேரு சும்மா கிடக்கணுமா? இனிமே நான் கூப்பிடுறேன்.

கிணறு போச்சு. தண்ணி இருக்கு, ஆனா வாயில வைக்க முடியாத உப்பு. செடிக்கு ஊத்தினா இலை ஓரமெல்லாம் கருகிடுது. இப்ப எல்லாத்துக்கும் உங்க அண்ணன் கட்டின தொட்டிதான். கீரை கட்டுற கொட்டகை இருக்கே, அந்தத் தகரக் கூரையில விழுற மழையெல்லாம் ஒரு குழாய் வழியா தொட்டிக்கு வந்துடும். மாசக்கணக்கா காய்ஞ்சு கிடந்த கூரை, போன மாசக் கடைசியில கொட்டோ கொட்டுன்னு கொட்டி ஒரே ராத்திரியில தொட்டி ரொம்பிடுச்சு. வானத்துலருந்து விழுற தண்ணி. அதைவிட சுத்தமா எந்தத் தண்ணி இருக்கு சொல்லு? இலை தழை போகாம குழாய் வாயில வலை வேற கட்டியிருக்கேன். பறிக்கிறதுக்கு முந்தின சாயங்காலம் அந்தத் தண்ணியைத்தான் இலை மேல பூப்போல தெளிச்சு விடுவேன். அப்பத்தான் உன் வீட்டு வாசல் வரைக்கும் வாடாம வரும்.

புறா எங்க போகும்? முன்னைக்கு இப்ப ரெட்டிப்பா இருக்குதுங்க. நான்தான் தீனி போடுறேன். ஏன்னு நீ கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். வெளிச்சம் மங்குற நேரத்துல அதுங்க தகரத்து மேல நடக்கும். டக், டக். கொஞ்சம் நிக்கும். அப்புறம் டக். உங்க அண்ணன் கூரை மேல ஏறி ஆணி பார்க்கிறப்ப அப்படித்தான் நடப்பார், இடது காலைக் கொஞ்சம் இழுத்து. புறான்னு எனக்குத் தெரியாம இல்ல, எனக்கென்ன கிறுக்கா. ஆனாலும் அந்த நேரத்துல கொட்டகைக்குள்ள ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்குவேன். விளக்குப் போட மாட்டேன். போட்டா அதுங்க சத்தம் நின்னுடும்.

இதை உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைக்காத. அண்ணிக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்னு கிளம்பி வந்துடுவார்.

முயலுக்கு இந்த வாட்டி வெள்ளரிப்பிஞ்சு நிறைய வச்சிருக்கேன்.

அண்ணி.


ஜூன் 17

அண்ணி,

குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி எழுத வரவில்லை.

முதலில் காய்ச்சல். பிறகு வயிற்றால் போனது. பிறகு அதில் ரத்தம் இருந்தது. நான் கத்தினேன். இவர் எப்போதும்போல, நீ எல்லாத்துக்கும் பயப்படுவ என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். பார்த்தார். நேரே போய் வண்டிச் சாவியை எடுத்தார். நான் நிஜமாகவே பயந்தது அப்போதுதான். என் பயத்தைக் கிண்டல் செய்ய ஆள் இருக்கும்வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். வேகவைக்காமல் என்ன சாப்பிட்டாள்? வெள்ளரிக்காய், கொத்தமல்லி, புதினா. எங்கே வாங்கியது? வாங்கவில்லை, என் அண்ணி வீட்டிலிருந்து வருகிறது. அங்கே என்ன தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்? உங்கள் கடிதம் கைப்பையிலேயே இருந்தது அண்ணி. இருந்தும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அதனால் கேட்கிறேன். அந்தத் தொட்டித் தண்ணீரை யாராவது எப்போதாவது பரிசோதித்தார்களா?

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எங்கள் அறை கடைசி மாடியில். நேற்று காய்ச்சல் வேகத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டே, "மாமா மேல நடக்கிறாங்க" என்றாள். நர்ஸிடம் கேட்டேன். மேலே மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, பூட்டிய கதவு, அவ்வளவுதான் என்றாள். ஜன்னியில் என்னென்னவோ பேசுவார்கள் என்றாள். நீங்கள் எழுதியதை நான் இவளிடம் சொல்லவேயில்லை. எப்படிச் சொல்வேன், குழந்தையிடம்.


ஜூன் 20

குழந்தை எப்படி இருக்கா? முதல்ல அதை எழுது. மத்ததெல்லாம் அப்புறம்.

தெரிஞ்சுக்கிட்டே கேட்கிற. நான் எழுதினதைக் கைப்பையில வச்சுக்கிட்டு எங்கிட்டயே கேட்கிற. என் வாயால இன்னொரு தடவை வரணும், அதானே? சரி, வாங்கிக்கோ. மழைத் தண்ணிதான். உங்க அண்ணன் கட்டின தொட்டிதான். நானும் அதே இலையைத்தான் திங்கிறேன். கட்டு கட்ட வர்ற ரெண்டு பொண்ணுங்களும் பறிச்ச கையோட வாயில போட்டு மெல்லுதுங்க. கல்லு மாதிரி இருக்குதுங்க. கடைப் பாலு, குழாய்த் தண்ணி, பார்க்குல மண்ணு, உன் ஊர்ல என்னதான் இல்ல? எல்லாத்தையும் விட்டுட்டு உனக்கு என் தொட்டிதான் கண்ணுல பட்டுச்சா.

நாலு வருஷமா அதே கூரை, அதே குழாய், அதே புறா. அவர் இருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு தலைவலி வந்ததில்ல. எதிர்த்துப் பேச ஆள் இல்லாதவர் மேல பழியைத் தூக்கிப் போடுறது சுலபம்.

கோபத்துல எழுதிட்டேன். அடிச்சுத் திருத்த மனசு வரல, அப்படியே அனுப்புறேன்.

அவ அதைச் சொன்னது எந்த நேரத்துல? வெளிச்சம் மங்குற நேரமா? அதை மட்டும் மறக்காம எழுது.


ஜூன் 24

அண்ணி,

கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது. சால்மொனெல்லா என்கிறார்கள். ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் இன்று காலில் குத்தினார்கள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த புதினாவை இவர் எனக்குத் தெரியாமல் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். அதிலும் அதே கிருமி. பறவை எச்சத்தில் இருக்குமாம். இலை மேல் தெளித்துவிட்டால் எத்தனை தண்ணீரில் அலசினாலும் முழுதாகப் போகாதாம், மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளுமாம். பெரியவர்கள் உடம்பு சமாளித்துவிடும், குழந்தைகளுக்கு அது முடியாது என்றார் டாக்டரம்மா.

நான் யார் மீதும் பழி போடவில்லை. எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. ஈரமாக இருக்கிற எதைப் பார்த்தாலும் கை பின்னால் போகிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கை நீட்டாமல் நிற்கிறேன்.

பெட்டி அனுப்பாதீர்கள். காப்பகத்துக்கும் அனுப்பாதீர்கள். அங்கே இவளைவிடச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆமாம். வெளிச்சம் மங்குகிற நேரம்தான்.


ஜூலை 3

பயில்வானுக்கு,

உன் வீட்டுக்காரர் வேன்காரர்கிட்ட வாய்ச்சொல்லா சொல்லி அனுப்பினார், காய்ச்சல் இறங்கிடுச்சு, கண்ணு முழிச்சு பொம்மை கேட்டாள்னு. அதைக் கேட்ட அப்புறம்தான் எனக்கு எழுத கை வந்துச்சு.

பெட்டி அத்தனையும் நிறுத்திட்டேன். இந்தக் கவரை மட்டும் கொடுத்தனுப்புறேன். காயில்லாம கடுதாசி மட்டுமா, வண்டிக்கு வெயிட்டே இல்லையேம்மான்னார் வேன்காரர்.

போன வாரம் அதே வேன்ல ஏறி அந்தக் காப்பகத்துக்குப் போனேன். உன் தெரு வரைக்கும் வந்தும் உன் வாசலுக்கு வரல, தைரியம் இல்ல. ரெண்டு பிள்ளைங்களுக்கு அங்கயும் வயித்தால போயிருக்கு. வெயில் சூடுன்னு நினைச்சோம்னாங்க காப்பகத்தைப் பார்த்துக்கிற அம்மா. அதுங்க தேறிடுச்சுங்க, சாப்பாட்டுத் தட்டோட ஓடித் திரியுதுங்க, கண்ணால பார்த்துட்டுதான் எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா திட்டலை. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க. என்னால குடிக்க முடியல.

தொட்டித் தண்ணியை விவசாயக் காலேஜ்ல கொடுத்தேன். அதுலயும் இருக்காம், ஏகத்துக்கும் இருக்காம். மழைத் தண்ணிங்கன்னேன். மழையில ஒண்ணும் இல்ல, உங்க கூரையில இருக்குன்னான் அங்க சோதிச்ச தம்பி.

புறாங்களை ரெண்டு ஊர் தள்ளி ஒருத்தருக்குக் கூடையோட கொடுத்துட்டேன். மறுநாள் வெளிச்சம் மங்குச்சு. ஸ்டூல் மேல சும்மா உட்கார்ந்திருந்தேன். டக், டக். கொஞ்சம் நின்னு, டக். அத்தனையும் திரும்பி வந்துடுச்சுங்க. கூண்டை உடைச்சுப் போட்டேன், தீனியை நிறுத்திட்டேன். அப்பவும் போகல. வந்து நின்னு என்னைப் பார்க்குதுங்க.

எனக்கு ஒண்ணுதான் புரியல. நாலு வருஷம் இதே புறா, இதே கூரை. அவர் இருந்தப்ப வராதது இப்ப மட்டும் ஏன் வரணும்? அவருக்கு என் மேல என்ன கோபம்?


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். தோளில் போட்டால் ஈரத்துணி அளவுக்குத்தான் கனக்கிறாள். ஆனால் இன்று என்னை அடித்தாள். மருந்து கொடுக்கும்போது கன்னத்தில் பளாரென்று ஒன்று. நானும் இவரும் சிரித்துவிட்டோம், பிறகு இருவரும் தனித்தனியாக வராந்தாவுக்குப் போய் நின்றோம்.

அண்ணனுக்கு உங்கள் மேல் கோபமா? அவருக்குக் கோபப்படவே தெரியாது. உங்கள் கேள்வியைத்தான் நானும் இரண்டு நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. இவள் வயிற்றில் இருந்தபோது உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேனே. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், மழை பிடித்தது. அண்ணன் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். நீங்கள் திட்டினீர்கள், தட்டை வைத்துவிட்டுப் போகிற ஆளைப் பார், மழைக்கு மாப்பிள்ளை அழைப்பு என்று. வெகுநேரம் கழித்துச் சொட்டச் சொட்ட வந்தார். எதற்கு ஓடினீர்கள் என்று கேட்டதற்கு, கூரை முகம் கழுவுது, பக்கத்துல ஆள் நிக்க வேணாமா என்றார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவர் அங்கே போய் என்ன செய்வார், அண்ணி?


ஜூலை 10

பயில்வானுக்கு,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு கொட்டகைப் பின்னாடி போய் நின்னுட்டு வந்தேன். இப்ப சொல்றேன்.

கூரையிலருந்து இறங்குற குழாய்க்கு முனையில ஒரு வளைவு இருக்கு. அதை வாய்க்கால் பக்கம் திருப்பினா தண்ணி வெளிய ஓடிடும். தொட்டிப் பக்கம் திருப்பினா உள்ள விழும். காய்ஞ்ச கூரையில மழை பிடிச்சதும் ஓடிப்போய் வெளிய திருப்பி வைப்பார். தண்ணி தெளியிற வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நிப்பார். அப்புறம்தான் தொட்டிக்குத் திருப்புவார். தூசிக்காக செய்யிறார்னு நினைச்சேன். தூசிதானேன்னுதான் வலை கட்டினேன். எச்சம் கரைஞ்சு வர்றதுக்கு வலை என்ன பண்ணும்.

அவர் போன அன்னிக்கும் அப்படித்தான் செஞ்சார். வெளிய விட்டார், தெளிஞ்சதும் தொட்டிக்குத் திருப்பினார், கொட்டகைக்கு வந்து ஈரத்தோட ஸ்டூல்ல உட்கார்ந்தார். துண்டு எடுத்துட்டு வர்றேன்னு போனேன். துண்டோட வந்தப்ப ஸ்டூல்ல உட்கார்ந்த மாதிரியேதான் இருந்தார்.

வளைவைப் பிடிக்கிற இடத்துல கை வழுக்காம இருக்க பழைய சட்டைத் துணியைச் சுத்தியிருப்பார். அந்தத் துணி அவர் பிடிச்ச பிடியிலயே காய்ஞ்சு போச்சு. விரல் விரலா மடிப்பு இருக்கு, கூரை விளிம்புக்கு அடியில இருக்கிறதால மழைகூட அதைக் கலைக்கல. சட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டேன், செருப்பைக் கொடுத்துட்டேன். அதை மட்டும் நான் தொடல. தொட்டா அவர் வச்சது போயிடும், நான் வச்சதாயிடும்.

அன்னிலருந்து அது தொட்டியைப் பார்த்தேதான் இருக்கு. போன வருஷம் அப்புறமும் மழை விடாம பெய்ஞ்சுது, கூரையில எதுவும் தங்கல. இந்தக் கோடை முழுக்க தங்குச்சு. அத்தனையும் அந்த ஒரே ராத்திரியில உள்ள போயிருக்கு.

தொட்டியைக் காலி பண்ணி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் காய வச்சுட்டேன். செடியெல்லாம் பிடுங்கிட்டுப் புதுசா விதைச்சிருக்கேன். இனிமே தெளிக்கிறது கிடையாது, வேர்ல மட்டும் சொட்டுற மாதிரி டியூப் போட்டாச்சு. எல்லாம் செஞ்சுட்டேன். குழாய்கிட்டத்தான் போய்ப் போய்த் திரும்பி வர்றேன். மேகம் கட்டியிருக்கு.


ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவள் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன்.

நான் கிளம்பி வந்து அதைத் திருப்பிவிடட்டுமா என்று இவரிடம் கேட்டேன். போய்ச் செய், ஆனால் அதற்கப்புறம் உன் அண்ணி உன் முகத்தைப் பார்ப்பாரா என்றார். பார்க்க மாட்டீர்கள். வேறு யார் கை பட்டாலும் உங்களுக்கு ஆறாது. அதனால் வரவில்லை.

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள். அண்ணன் குழாயை அங்கே வைத்தது அந்த ஒரு மழைக்கு. மறு வாரமும் அவர் இருந்திருந்தால், மழை பிடித்ததும் அவரே எச்சில் கையோடு ஓடி மாற்றி வைத்திருப்பார். உங்களிடம் இருப்பது அவர் வேலையில் பாதி. மீதிப் பாதிக்குள்தான் என் குழந்தை விழுந்தாள்.

அவளுடைய காலில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, அத்தை எப்ப பெட்டி அனுப்புவாங்க என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?


ஜூலை 21

பயில்வானுக்கு,

ரெண்டு நாள் முன்னாடி மழை பிடிச்சுது. முதல் துளி தகரத்துல விழுந்ததும் எழுந்தேன். நீ எழுதினது காதுல கேட்டுச்சுன்னெல்லாம் சொல்ல மாட்டேன். முயல் பெட்டி கேட்டதுதான் காதுல கேட்டுச்சு.

துணியை அவிழ்க்கலாமான்னு பார்த்தேன். நேரம் இல்ல, தண்ணி இறங்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த மடிப்பு மேலயே என் விரலை வச்சு அழுத்தினேன். அவர் விரல் பெரிசு, என் கை அதுக்குள்ள போய் உட்கார்ந்துச்சு. இழுத்தேன். வரல. இன்னும் இழுத்தேன். கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுத் திரும்புச்சு.

அந்தச் சத்தம். மழை பெய்யிறப்பெல்லாம் வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். கீச்சுன்னு ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை. ரெண்டாவது கேட்டா அவர் வரப்போறார்னு அர்த்தம், துண்டை எடுத்து வைப்பேன். அதை எப்படி மறந்தேன்? புறா நடக்கிறதுல போய் அவரைத் தேடிட்டிருந்தேன்.

வாய்க்கால்ல போன தண்ணியை நீ பார்க்கணுமே. கருப்பா, பச்சையா, இறகும் எச்சமும் குழைஞ்சு, ஒரு நாத்தம். இதையா நான் பூப்போல தெளிச்சேன். நனைஞ்சுக்கிட்டே நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சுதான் தெளிஞ்சுது. அப்புறம் தொட்டிக்குத் திருப்பினேன். கீச்சு. துண்டு எடுத்து வைக்க உள்ள ஆள் இல்ல. நானே போய் எடுத்துத் தலையைத் துவட்டிக்கிட்டேன்.

என் ஈரக்கை பட்டு இழுத்ததுல துணி மடிப்பெல்லாம் போயிடுச்சு. இப்ப வெறும் துணி.

சாயங்காலம் மழை விட்டதும் புறாங்க கூரை மேல நடந்துச்சுங்க. விளக்கைப் போட்டுட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன், அப்பவும் சத்தம் நிக்கல. புறா மாதிரியேதான் நடந்துச்சுங்க.

காலேஜ்ல மறுபடி தண்ணியைக் காட்டிட்டு எழுதுறேன்.


செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி வந்தது. காலேஜ்காரர்கள் கொடுத்த காகிதத்தை மேலாகவே வைத்திருந்தீர்கள், தண்ணீர் சரியாக இருக்கிறது என்று. இவர் இரண்டு தடவை படித்தார். நான் நாலு தடவை படித்தேன்.

ஐந்து வெள்ளரிக்காய். கழுவினேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மறுபடி கழுவினேன். தோலைச் சீவினேன். தட்டில் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் நான் ஒரு துண்டு தின்றேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் விட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

இன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் ஒரு சத்தம். நறுக்கென்று. அவளே பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து, கழுவாமல், சீவாமல், தோலோடு கடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கதவு வரைக்கும் ஓடினேன். பிடுங்கக் கை நீண்டுவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து, "அத்தை குடுத்தாங்க" என்றாள்.

கையை மடக்கிக்கொண்டேன். அறை வாசலிலேயே உட்கார்ந்து, அவள் முழுவதும் தின்று முடிக்கிற சத்தத்தைக் கேட்டேன்.

இங்கே ஒரு வாரமாக வெயில் கொளுத்துகிறது. அங்கேயும் கூரை காய்ந்துதான் கிடக்கும். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் மழை பிடித்தாலும் பிடிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை அண்ணி, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுங்கள்.

பயில்வான்.